வாப்பாவின் மெசினும் கடல் கொண்டுபோன ‘ஹ’வும்



கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருக்கும்போது வாசியுங்கள். “பின்விறாந்தையில காக்காவும் தம்பியும் ராவு ராவா என்ன செய்றாங்க?” என்று தெருவில் கேட்டவர்களுக்கும், பரிசளிப்பு விழாவில் கேடயத் தகட்டைப் பார்த்துவிட்டு “இத எங்க வெட்டின சேர்?” என்று கேட்ட பெற்றோருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இதை எழுதுகிறோம். தட்டச்சு செய்வது பாடசாலையில் படிப்பிப்பவர். ஆனால் வேலையில் பாதிக்கு மேல் மோட்டார் வைண்டிங் செய்யும் தம்பியுடையது. ஆகவே ‘நாங்கள்’ என்றே எழுதுகிறோம்.

கதை 2019ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் ஆரம்பிக்கிறது. கேடயங்களுக்கான பெயர்த் தகடுகளை வெளியூர்க் கடையொன்றில் கணினி மெசினில் வெட்டி எடுத்திருந்தோம். விழாவுக்கு முதல் நாள் இரவுதான் பொதி வந்தது. பிரித்துப் பார்த்தால் தமிழ்ப் பெயர்களில் பாதி உடைந்திருந்தன. ‘ஜெஸ்மின்’ என்ற பெயரில் கொம்பு ‘ஜ’வுக்குப் பின்னால் போய் ‘ஸ’வுக்கு முன்னால் நின்றது. வாசித்தால் ‘ஜஸெ’ என்று வந்தது. புள்ளிகள் எழுத்தின் தலையில் இல்லாமல் பக்கத்தில் கிடந்தன. திருப்பி வெட்ட நேரமில்லை. அப்படியே கொடுத்தோம். ஒரு பிள்ளை மேடையிலிருந்து இறங்கும்போது பெருவிரலால் தன் பெயரை மறைத்துப் பிடித்துக்கொண்டு வந்தது. அதைப் பார்த்த பிறகு படத்துக்குச் சிரிக்க எங்களால் முடியவில்லை.

எங்கள் வீட்டிலேயே ஓர் எழுத்து வெட்டும் மெசின் துருப்பிடித்துக் கிடக்கும்போது நடந்தது இது.

மூத்தவர்களுக்கு வாப்பாவைத் தெரியும். கல்முனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் வக்கீல்மாரின் கதவுப் பலகை, டொக்டர்மாரின் பெயர்த் தகடு, பாடசாலைக் கேடயம், கல்யாணத்துக்குக் கொடுக்கும் பேனை என்று பெயர் வெட்டியவர். மெசின் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரத்தில் டெய்லர் ஹொப்சன் கம்பனி செய்தது. 1978இல் கொழும்பில் ஒரு பட்டறை மூடப்பட்டபோது வாப்பா வாங்கி லொறியில் ஏற்றிக்கொண்டு வந்தார். வார்ப்பிரும்பு. தூக்குவதற்கு நாலு பேர் வேண்டும்.

அது வேலை செய்யும் விதம் லேசானது. ஒரு பக்கத்தில் பித்தளையில் குழிந்த எழுத்து அச்சு இருக்கும். அந்தக் குழியில் ஊசியை வைத்துக் கையால் ஓட்டினால், மூட்டுப் போட்ட நாலு கைகள் வழியாக அந்த அசைவு மறுபக்கத்துக்குப் போய், சுழலும் கட்டர் அதே எழுத்தைச் சின்னதாக வெட்டும். கைகளில் உள்ள அளவை நகர்த்தி வைத்தால் பாதியாக, நாலில் ஒன்றாக, எட்டில் ஒன்றாகக் குறைக்கலாம். இதற்குப் பெயர் பாண்டோகிராப்.

மெசினோடு வந்த அச்சுகள் ஆங்கிலம் மட்டுமே. தமிழ் அச்சு யாரும் விற்கவில்லை. வாப்பா தானே செய்தார். கொம்பு, இரட்டைக் கொம்பு, அரவு ஆகியவற்றைத் தனித்தனியாக வெட்டிச் சேர்த்துக் கொள்ளலாம். ஆனால் உகரம் அப்படி அடங்காது. கு, சு, டு, து என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம். அதற்கு மேல் எங்கள் பெயர்களுக்கு ஜ, ஷ, ஸ, ஹ வேண்டும், ஃ வேண்டும். எல்லாமாக 83 அச்சுகள். தகரத்தால் உறையிட்ட பலகைப் பெட்டி ஒன்றில் அடுக்கி வைத்திருந்தார்.

2004 டிசம்பர் 26. அந்தக் காலையில் எங்கள் வீட்டில் போனவர்களைப் பற்றி இங்கே எழுதவில்லை. சாய்ந்தமருதில் யாருக்கும் அதைச் சொல்லத் தேவையில்லை. மெசினைப் பற்றி மட்டும் சொல்கிறோம். பதினொரு நாள் கழித்து மண்ணுக்குள் இருந்து தோண்டி எடுத்தோம். கிணற்றுத் தண்ணீரால் கழுவி, மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்து, கிறீஸ் பூசிச் சாக்கால் சுற்றி வைத்தார் வாப்பா. பெட்டி கிடைத்தது. உள்ளே 61 அச்சுகள் இருந்தன. இல்லாமல் போன 22உம் எவை என்று பார்த்தால், அடிக்கடி தேவைப்படுகிறது என்று பெட்டிக்குள் வைக்காமல் மேசை மேலேயே வைத்திருந்தவை. ம, ர, ஜ, ஸ, ஷ, ஹ. எங்கள் ஊர்ப் பெயர்களை எழுத வேண்டிய எழுத்துகளையே கடல் பொறுக்கி எடுத்தது போல இருந்தது.

அதற்குப் பிறகு வாப்பா பெயர் வெட்டவில்லை. சில வருடங்களில் கையும் நடுங்க ஆரம்பித்தது. ஒருநாள் வங்கிக்குக் கூட்டிப் போனோம். கையெழுத்து ஒத்து வரவில்லை, பெருவிரல் அடையாளம் வையுங்கள் என்றார்கள். மை பூசிய விரலைத் துணியில் துடைத்துக்கொண்டே வீடு வரும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. வாழ்நாள் முழுக்க ஊருக்குப் பெயர் எழுதிக் கொடுத்த மனிசன்.

2022 ஜூலையில் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் பூட்டியிருந்தன. தம்பிக்கும் வேலை இல்லை. சாக்கைப் பிரித்தோம். எங்கள் எண்ணம் இதுதான்: கை பிடிக்கும் இடத்தில் மோட்டாரை வைத்து, கணினியால் ஓட்டினால் வாப்பாவின் மெசின் மறுபடியும் வெட்டும். உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கும் காட்டலாம்.

வாப்பா கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு நிபந்தனை போட்டார். “அதுல ஓட்டை மட்டும் போடாதீங்க மனே. ஓட்டை போடாமச் செய்ய ஏலுமெண்டா செய்ங்க.”

அது எங்களுக்கு ஒரு மாத வேலையைக் கூட்டியது. ஆனால் சரியான நிபந்தனை. துளைக்காமல் செய்தால், நாங்கள் பிழை விட்டாலும் மெசின் பழையபடி மெசினாகவே இருக்கும். பாண்டோகிராப்பின் கைகளைக் கழற்றாமல் அசையாதபடி கிளாம்ப் போட்டு இறுக்கினோம். கட்டர் ஓரிடத்தில் நிற்கும், தகடு வைத்திருக்கும் மேசை அசையும் என்று ஏற்பாடு. மேசைக்கு ஏற்கெனவே இரண்டு கைச்சில்லுகள் இருந்தன. ஒன்று இடம் வலம், மற்றது முன் பின். அவற்றைக் கழற்றிவிட்டு அந்தத் திருகுத் தண்டுகளில் ஸ்டெப்பர் மோட்டார்களை இணைத்தோம். மோட்டாரைத் தாங்கும் ஆங்கிள் இரும்பை, வார்ப்பின் விளிம்பில் கவ்வும்படி தம்பி ஒட்டிக் கொடுத்தார். கட்டரைத் தூக்கி இறக்கப் பழைய பிரின்டர் ஒன்றில் கழற்றிய சின்ன மோட்டார். கட்டர் சுழலும் தண்டுக்குப் புது பெயாரிங், அதைச் சுற்றும் மோட்டாருக்குப் புது வைண்டிங்.

மூளையாக ஆர்டுயினோ ஊனோ பலகை. அதற்குள் ஓடுவது ஜி-ஆர்-பி-எல் என்ற இலவச மென்பொருள். நோர்வே நாட்டு சிமென் ஸ்வாலெ ஸ்கொக்ஸ்ருட் என்பவர் 2009இல் ஆரம்பித்து, பிறகு பலர் கைகொடுத்து வளர்த்தது. இந்த இடத்துக்குப் போ, கட்டரை இறக்கு, இவ்வளவு வேகத்தில் அந்த இடத்துக்குப் போ என்று கணினி அனுப்பும் வரிகளை அது மோட்டாருக்கான துடிப்புகளாக மாற்றும். மோட்டார்களும் டிரைவர்களும் புறக்கோட்டையில் வாங்கினோம். தேடிப் பொறுக்கி வாங்கியும் எல்லாமாக 52,000 ரூபாவுக்குக் கொஞ்சம் மேல் போனது. அந்த வருட விலைவாசி உங்களுக்கே தெரியும்.

முதல் பிழையை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்த மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி வைக்கும். டிரைவரில் ஒவ்வோர் அடியையும் எட்டாகப் பிரித்தால் 1,600. திருகுத் தண்டின் ஒரு சுற்றுக்கு மேசை எவ்வளவு நகர்கிறது என்று அளந்து பார்த்தோம், ஏறக்குறைய 2.5 மில்லிமீற்றர். ஆகவே மில்லிமீற்றருக்கு 640 அடி என்று கணக்குப் போட்டுக் கொடுத்தோம். 100 மில்லிமீற்றர் போகச் சொன்னால் மேசை 101.6 போய் நின்றது. மோட்டார் அடி தவறுகிறதோ என்று மின்னோட்டத்தைக் கூட்டினோம், குறைத்தோம், வேகத்தைக் குறைத்தோம். மூன்று இரவு போனது. ஒவ்வொரு தடவையும் அதே 101.6.

நாலாவது நாள் வாப்பா தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுக் கேட்டார். “எவ்வளவு வருது?”

“நூற்றி ஒண்டு தசம் ஆறு வாப்பா.”

“அது நாலு அங்குலம்.”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். மெசின் இங்கிலாந்துக்காரன் செய்தது. தண்டில் அங்குலத்துக்குப் பத்துச் சுற்று. ஒரு சுற்றுக்கு 2.5 அல்ல, 2.54 மில்லிமீற்றர். கழற்றி வைத்த கைச்சில்லில் நூறு கோடு போட்டு, ஒரு கோடு அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று என்று பொறித்தே இருக்கிறது. நாங்கள் தான் பார்க்கவில்லை. 1,600ஐ 2.54ஆல் பிரித்தால் 629.92. அதைக் கொடுத்ததும் மேசை சரியாக நூறில் நின்றது. மறுநாள் வகுப்புப் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுவுக்கு இந்தக் கதையை அப்படியே அனுப்பினோம். கருவியில் எழுதியிருப்பதை வாசிக்காமல் கருவியைக் குறை சொல்லக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எங்களிடம் இல்லை.

அடுத்தது தேய்மானம். பழைய தண்டு, பழைய நட். திசை மாறும்போது தண்டு கால் மில்லிமீற்றர் சும்மா சுற்றிய பிறகுதான் மேசை அசையும். பெரிய வேலைக்கு அது தெரியாது. 5 மில்லிமீற்றர் உயர எழுத்தில் நன்றாகத் தெரியும். வட்டம் மூடவில்லை. ‘ழ’வின் வால் தனியாகப் போய் நின்றது. மென்பொருளில் இதற்கு ஒரு சரிக்கட்டல் இருக்கும் என்று தேடினோம். நாங்கள் போட்ட ஜி-ஆர்-பி-எல்லில் இல்லை. புது நட் செய்விக்கக் காசு இல்லை. இதற்கும் வாப்பா தான் வழி சொன்னார். மேசையில் கயிறு கட்டி, கப்பி வழியாகப் பழைய தராசின் இரண்டு கிலோப் படிக்கல்லைத் தொங்கவிடச் சொன்னார். கல் எப்போதும் ஒரே பக்கம் இழுப்பதால் நட் தண்டின் ஒரே முகத்தோடு ஒட்டி நிற்கும், இடைவெளி தெரியாது. இரண்டு அச்சுக்கும் இரண்டு கல். பித்தளையில் மெல்லிசாகக் கீறுவதற்கு இது போதும். இரும்பை ஆழமாகக் கடைபவர்கள் இதை நம்ப வேண்டாம்.

அந்த நாட்களில் மின்வெட்டு வேறு. பாதிப் பெயரில் கரண்ட் போனால், திரும்பி வரும்போது மெசினுக்குத் தான் எங்கே நிற்கிறோம் என்று தெரியாது. மேசையின் மூலையில் இரண்டு சுவிட்சுகள் வைத்தோம். கரண்ட் வந்ததும் மேசை போய் அவற்றைத் தொட்டு, அங்கிருந்து எண்ணத் தொடங்கும். தகட்டையும் எப்போதும் ஒரே மூலையில் முட்ட வைப்பதால், நின்ற பெயரை விட்ட இடத்திலிருந்து வெட்டலாம்.

மெசின் சரி. இப்போது எழுத்து. 2019இல் எங்களை வெட்கப்படுத்திய விஷயத்துக்கு வந்து சேர்ந்தோம்.

யூனிகோட் தமிழில் ‘ஜெ’ என்று தட்டச்சு செய்தால் உள்ளே ‘ஜ’ முதலாவதாகவும் கொம்பு இரண்டாவதாகவும் பதிவாகும். திரையில் கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது மென்பொருளின் வேலை. போனும் உலாவியும் அதைச் செய்யும். எழுத்து வெட்டும் மென்பொருள்களில் சில செய்யாது, உள்ளே இருக்கிற வரிசைப்படியே வெட்டித் தள்ளும். அந்தக் கடைக்காரர் வேண்டுமென்று செய்யவில்லை. தமிழ் வாசிக்கத் தெரியாதவருக்கு அது உடைந்திருப்பது தெரிய நியாயமில்லை. பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால் இந்தச் சிக்கல் வராது, அதில் கொம்பைக் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே தட்டுகிறோம். அல்லது இன்க்ஸ்கேப் மென்பொருளில் எழுதி, கோடுகளாக மாற்றிவிட்டு அனுப்பலாம். இதை வாசிக்கும் அச்சகக்காரர்கள் யாராவது இருந்தால் இந்த இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்படிச் செய்து முதல் தகட்டை வெட்டினோம். வரிசை சரி. ஆனால் எழுத்துருக்கள் எழுத்தின் கரையைத்தான் வைத்திருக்கின்றன. ஆகவே ஒவ்வொரு கோடும் இரட்டைக் கோடாக, நடுவில் வெறுமையாக வந்தது. வாப்பா தகட்டை வெளிச்சத்துக்குச் சரித்துப் பார்த்தார். “எலும்பில்லாத எழுத்து” என்றார்.

அவருடைய அச்சில் ஓர் எழுத்து ஒரே கோடு. கட்டர் ஒரு தடவை போகும், எழுத்து முடிந்துவிடும். அப்போதுதான் பலகைப் பெட்டி ஞாபகம் வந்தது. 61 அச்சுகளையும் கழுவி, குழிகளில் வெண்கட்டித் தூள் நிரப்பி, ஸ்கேனரில் வைத்து எடுத்தோம். கணினியில் ஒவ்வொரு குழியின் நடுவாலும் ஒரு கோடு இழுத்தோம். ஒரு மாதம். வாப்பாவின் எழுத்து கணினிக்குள் போனது.

மிச்சம் 22. வேறு எழுத்துருவிலிருந்து எடுத்துப் போட்டுப் பார்த்தோம். கலப்படம் கண்ணில் குத்தியது. வாப்பாவை எழுதித் தரச் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை. கையெழுத்துப் போட முடியாது என்று விரலில் மை பூசப்பட்டவரிடம் எப்படிக் கேட்பது?

அவரே கேட்டார். “பெரிய தாள் இரிக்கா?”

பாடசாலைக் கண்காட்சிக்கு வாங்கி மிஞ்சிய டிமை தாள் இருந்தது. நிலத்தில் விரித்துக் கொடுத்தோம். மார்க்கர் பேனையோடு சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒரு சாண் உயரத்துக்கு ‘ம’ எழுதினார். கோடு நடுங்கிக்கொண்டே போனது. நாங்கள் வேறெங்கோ பார்த்தோம். எழுதி முடித்துவிட்டுச் சொன்னார்: “அந்த நாள்ல அட்டையில கத்தியால பெரிசா வெட்டித்தான் இந்த அச்செல்லாம் செஞ்ச. கத்தி பிசகின இடம் பித்தளையில தெரியல்ல. பெரிசா எழுதிச் சின்னதா வெட்டினா நடுக்கமும் சின்னதாப் போகும்.”

கணக்குப் பார்த்தோம். 20 சென்ரிமீற்றர் எழுத்து 5 மில்லிமீற்றராகக் குறைகிறது. நாற்பதில் ஒன்று. தாளில் 4 மில்லிமீற்றர் நடுங்கிய கோடு, பித்தளையில் 0.1 மில்லிமீற்றர். கண்ணுக்குத் தெரியாது. பாண்டோகிராப்பின் கைகளை நாங்கள் இறுக்கிப் பூட்டிவிட்டோம். அந்தக் கைகள் செய்த வேலையை வாப்பா தாளுக்கு மாற்றிவிட்டார்.

வெட்டிக் கொடுத்த ‘ம’வை அவர் பெருவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு அஸர் தொழுகைக்கு எழும்பிப் போனார். மஃரிபுக்குப் பிறகு தானாகவே வந்து அடுத்த தாளைக் கேட்டார்.

2023 பரிசளிப்பு விழாவுக்கு 72 தகடுகளையும் வீட்டில்தான் வெட்டினோம். வாப்பா பாடசாலைப் பட்டியலை நம்பவில்லை. அவருடைய பழைய வழக்கப்படி, ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரைத் தன் கையால் ஒரு கொப்பியில் எழுத வேண்டும் என்றார். அதில்தான் பிடிபட்டது, ஐந்து பெயர்கள் பட்டியலில் வேறு விதமாக இருந்தன. ‘ஸ’ போடும் வீட்டுக்கு ‘ச’ போட்டிருந்தோம். மெசினுக்கு அது தெரியாது, கொடுத்ததை வெட்டும். எழுத்துக்கு எழுத்து இடைவெளியையும் மெசின் சமமாகத்தான் வைக்கும். ‘ட’வுக்குப் பக்கத்தில் அரவு வந்தால் ஓட்டையாகத் தெரியும், இரண்டு ‘ண’ சேர்ந்தால் நெரியும். வாப்பா பக்கத்தில் இருந்து “கொஞ்சம் கிட்ட”, “கொஞ்சம் தள்ளி” என்று சொல்லச் சொல்லத் திருத்தினோம். இப்போது அந்த இடைவெளிகளையும் எழுதி வைத்துக்கொண்டு வருகிறோம்.

விழாவில் பிள்ளைகள் கேடயத்தை எப்படிப் பிடித்தார்கள் என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். பெயர் தெரியப் பிடித்திருந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ்.

இந்த எழுத்துகள் யாருக்கும் வேண்டுமென்றால் இலவசமாகத் தருகிறோம், உட்பெட்டிக்கு எழுதுங்கள். இப்படி மெசின் செய்ய விரும்பும் தம்பிமாருக்கு இரண்டு வார்த்தை: கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் பித்தளை வெட்டாதீர்கள், மெசினை உடனே நிறுத்தும் சிவப்புப் பொத்தானைக் கைக்கெட்டும் இடத்தில் முதலாவதாகப் பொருத்துங்கள். மற்றதெல்லாம் பிறகு.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 21 எழுத்துகள் வாப்பாவுக்குத் திருப்தி. ‘ஹ’ மட்டும் இன்னும் சரிவரவில்லை என்கிறார். பதினொரு தடவை எழுதிவிட்டார். பழையது இப்படியில்லை, வயிறு கொஞ்சம் உள்ளே இருந்தது என்கிறார். 2004க்கு முன் அவர் வெட்டிய தகடு உங்கள் வீட்டுக் கதவிலோ, அலுமாரியில் உள்ள கேடயத்திலோ, பேனையிலோ இருந்து, அதில் ‘ஹ’ வந்தால், நேராக மேலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டத்தையும் வைத்து எடுத்தால் நல்லது. வாப்பா காத்துக்கொண்டிருக்கிறார்.

அவருக்காகத் துஆச் செய்யுங்கள்.